சமையற்கட்டின் எஞ்சலில் நுண்ணங்கி வளர்ப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

எமது வீட்டுத்தோட்டச் செய்கையாளர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன். நிர்வாக சபைக் கூட்டங்கள் வழமைபோல மாதந்தோறும் சனசமூக நிலைய மண்டபத்தில் நடைபெற்றன. வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். விதைப் பரிமாற்றமும் நாற்று விநியோகமும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தமையால் அவற்றை விரிக்காமல், இவ்வாண்டு எமது உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றியே கூற விரும்புகிறேன். சமையற்கட்டில் எஞ்சுவதைத் தீனியாக்கிப் பயிருக்கு உதவும் நுண்ணங்கிகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை, வளர்ப்பதே அந்த வேலை.

2021 ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் செய்தவர்கள் பட்ட பாட்டை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கைக்கு வந்த கரைசல்களையெல்லாம் உரமென்று நம்பி ஊற்றினோம். அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டதும், ஊற்றியதை அப்படியே கைவிட்டுப் பழைய அளவுக்கே யூரியாவைப் போடத் தொடங்கினோம். சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்திருக்கும் எமது செம்மண், யூரியாவிலிருந்து உண்டாகிப் பயிருக்கு மிஞ்சும் நைத்திரேற்றைத் தடுத்து வைப்பதில்லை; அது நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றின் நீர் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆகையால் மண்ணின் உயிர்ப்பைப் பெருக்குவது எமக்குப் பொழுதுபோக்கன்று. அதே வேளை, நுண்ணங்கிக் கரைசலில் உள்ள நைதரசன் மிகச் சொற்பம் என்பதையும், அது உரத்துக்குப் பதிலாகாது என்பதையும் இச்சபையில் அழுத்திச் சொல்ல வேண்டியது என் கடமை.

எஞ்சலில் நுண்ணங்கி வளர்ப்பது உலகுக்கு அரிய செய்தியன்று. பேக்கரிகளில் பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவம் (ஈஸ்ட்), சீனி ஆலையில் எஞ்சும் கரும்புப் பாகிலேயே பெருமளவில் வளர்க்கப்படுகிறது. எமது வீடுகளில் அப்பமாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தவர்களும் அதே மதுவத்தையே கையாண்டார்கள். முதற் பயிற்சி நாளில், எமது மூத்த அங்கத்தவரான ஓர் அம்மா, “தம்பி, புளிக்கிறது வேற, பழுதாகிறது வேற” என்றார். இவ்வாண்டு நாம் கற்ற அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில், பாலைப் புளிக்கச் செய்யும் இலற்றிக் அமில பற்றீரியாவை வளர்த்தோம். அரிசியை முதல் தடவை கழுவிய நீரை ஒரு போத்தலில் பாதியளவு ஊற்றி, வாயைத் துணியால் மூடி, நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தோம். புளித்த மணம் வந்ததும் அதில் ஒரு பங்கை, விலைப்படாது எஞ்சிய பாலில் பத்துப் பங்குடன் கலந்தோம். ஏழாம் நாள் மூடியைத் திறந்தபோது மேலே வெண்மையான திரள் ஆடைபோல் மிதந்தது; அதன் கீழே வெளிர் மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது; மணமோ மோரின் மணமாகவே இருந்தது. அந்தத் தெளிந்த நீருக்குச் சம எடை பனங்கட்டியைக் கரைத்துச் சேமித்தோம். ஒரு வாளியில் மரக்கறித் தோல், கோவா இலை, தேங்காய்ச் சக்கை ஆகியவற்றை இறுக்கி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் இக்கரைசலைத் தெளித்துத் தவிடு தூவிக் காற்றுப் புகாமல் மூடினால், அமிலம் பெருகி அழுகல் பற்றீரியாக்கள் ஒடுங்குகின்றன. இரண்டு கிழமையின் பின் அதை மண்ணில் புதைக்கலாம். வாளிக்குள் வாயு திரள்வதால் மூடியை இடையிடையே சற்றுத் தளர்த்த வேண்டும் என்பதை, ஒரு மூடி வெடித்துப் பறந்த பிறகே விளங்கிக்கொண்டோம்.

இரண்டாவது வேலை இதைவிடக் கடினமானது. வெங்காய அழுகலுக்குக் காரணமான பங்கசுகளை (பூஞ்சணங்களை) எதிர்த்து நிற்கும் திரைக்கோடேர்மா என்ற நல்ல பங்கசை, உப்புச் சேராத எஞ்சிய சோற்றில் வளர்க்க முயன்றோம். முதல் தொகுதியை இடியப்பச் சட்டியில் அவித்து ஆறவைத்து, ஆய்வுகூடமொன்றிலிருந்து பெற்ற தாய் வளர்ப்பைக் கலந்தோம். மறுநாளே சோறு கொழகொழத்து நூல் விட்டு நாறியது. சோற்றில் ஏற்கெனவே இருக்கும் பசிலஸ் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீராவியிலும் சாவதில்லை. சோறு ஆறியதும் அவை முளைத்து, நாம் இட்டதை முந்திக்கொள்கின்றன. அழுத்தக் குக்கரில் 121 பாகை செல்சியசில் இருபது நிமிடம் வைத்த பின்னரே காரியம் கைகூடியது. மூன்றாம் நாள் சோற்றின் மேல் பஞ்சுபோல் வெண்மை படர்ந்தது. ஐந்தாம் நாள் அதன் ஓரங்களில் பச்சை ஏறியது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அறிக்கையில் பதிய விரும்புகிறேன். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள் தூளாக வளரும் அஸ்பேர்ஜில்லஸ் பங்கசும் முதற் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். அதன் சில இனங்கள், ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அப்ளாடொக்சின் நஞ்சைச் சுரப்பவை. எமது தொகுதிகளுள் ஒன்று கருமையாகவும் மற்றொன்று செம்மஞ்சளாகவும் மாறின. இரண்டையும் திறக்காமலே ஆழப் புதைத்தோம். நிறத்தில் ஐயமிருப்பதைத் தோட்டத்தில் இட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. முகக்கவசமின்றி வளர்ப்பறைக்குள் எவரும் செல்லவும் கூடாது.

எமக்கு மனவருத்தம் தந்த நிகழ்வொன்றையும் மறைக்காமல் கூறுகிறேன். திருமண மண்டபமொன்று தனது எஞ்சிய உணவைத் தருவதாக ஒப்புக்கொண்டது. வந்த பீப்பாவில் சோறும் சாம்பாரும் பாயாசமும் ஒன்றாகக் கிடந்தன. இடையே பிளாஸ்ரிக் கரண்டிகளும் தண்ணீர்ப் போத்தல் மூடிகளும் இருந்தன. இரண்டு நாள் வெயிலில் நின்ற அப்பீப்பாவைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தால் அயலவர்கள் முறையிட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. நாற்றத்தைவிட உப்பே எனக்குப் பெரிய கவலை. கிணறுகள் உவராகிவரும் ஓரிடத்தில், கறியும் சொதியும் கலந்த எஞ்சலை ஆண்டு முழுவதும் பாத்தியில் புதைப்பது எமது கையாலேயே மண்ணுக்கு உப்பிடுவதாகும். அன்றிலிருந்து, சமைக்காத மரக்கறிக் கழிவு, கழுநீர், வெறுஞ்சோறு ஆகிய மூன்றை மட்டும், அன்றன்றே, வெவ்வேறு வாளியில் பெற்றுக்கொள்கிறோம். தரம் பிரிக்கும் வேலை அடுப்படியில் நடக்காவிட்டால் பிறகு எங்கும் நடக்காது. இதில் எமது பெண் அங்கத்தவர்கள் காட்டிய ஒழுங்குக்குச் சங்கம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது.

எமது அங்கத்தவர் ஒருவர் தனது இரண்டு பரப்பு வெங்காயத் தோட்டத்தில் பாதிப் பாத்திகளுக்குத் திரைக்கோடேர்மா கலந்த எருவையும் மறுபாதிக்கு வெறும் எருவையும் இட்டார். கலந்த பாத்திகளில் அழுகல் குறைவாகவே தென்பட்டது. ஆனால் அப்பாத்திகள் சற்று மேட்டில் இருந்தன. நீர் தேங்காமையும் காரணமாகலாம். ஒரு போகத்தை வைத்து முடிவுரைக்க நான் ஆயத்தமில்லை. வரும் போகத்தில் பாத்திகளை மாற்றி மீண்டும் செய்து பார்க்க அவர் மனமுவந்து சம்மதித்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுக்கென, சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய அழுத்தக் குக்கர் வாங்குதல், உப்புள்ள எஞ்சலை எவரிடமிருந்தும் ஏற்காதிருத்தல், வளர்ப்புகளை விநியோகிக்கும் முன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுதல் ஆகிய மூன்று தீர்மானங்களை நிர்வாக சபை முன்மொழிகிறது. இவற்றைப் பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்கு வைத்து, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்