கார்டில் அச்சான தேதியை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்காவில் உணவகம், மளிகைக்கடை, மோட்டல் என்று நாலு பேருக்கு வேலை கொடுத்து நடத்திவரும் தமிழ் முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்குப் பல வருடமாகச் சம்பளக் கணக்கும் ஆட்களின் கோப்புகளும் பார்த்துக்கொடுப்பவள் நான். என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 பிப்ரவரி. ஓர் உணவகம், பெயர் வேண்டாம். அங்கே தோசைக்கல்லில் நின்றவர் எல் சால்வடார்க்காரர். மாவின் பதம் பார்ப்பதில் நம் ஊர் மாஸ்டர்களையே மிஞ்சுவார். அவருடைய ஈ.ஏ.டி. எனும் வேலை அனுமதிக் கார்டில் முடிவுத் தேதி 2019 செப்டம்பர் 9 என்று இருந்தது. "தேதி போயிடுச்சு, புது கார்டு வந்தப்புறம் வாங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார். யார் கார்டு எப்போது முடிகிறது என்று அவருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்ததே நான்தான். அச்சான தேதியைத்தான் நானும் எழுதியிருந்தேன்.

ஆனால் அந்தக் கார்டு அன்றைக்குச் செல்லும்.

அவர் டி.பி.எஸ். எனும் தற்காலிகப் பாதுகாப்பில் இருந்தவர். சொந்த நாட்டில் போரோ பேரிடரோ வந்து திரும்ப முடியாதவர்களுக்காக 1990இல் சட்டமாக வந்த ஏற்பாடு அது. எல் சால்வடாருக்கு 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 13 முதல் தொடர்ந்து அமெரிக்காவிலேயே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். அதாவது அவர் நம்மில் பலருக்கு முன்னால் இங்கே வந்தவர். 2018 ஜனவரியில் இதை முடிக்கப்போவதாக அரசு அறிவித்தது, அக்டோபரில் நீதிமன்றம் தடுத்தது. அதன் பிறகு கையில் இருந்த கார்டுகளின் ஆயுளைப் பெடரல் ரெஜிஸ்டர் அரசிதழில் அறிவிப்பு போட்டே நீட்டிக்கொண்டு போனார்கள். 2019 செப்டம்பர் 9 என்று அச்சான கார்டு இப்படியே 2024 ஜூன் 30 வரை செல்லுபடியானது. கார்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆகவே தேதியோடு கார்டின் பிரிவையும் பாருங்கள். ஏ12 அல்லது சி19 என்று இருந்தால் அது டி.பி.எஸ். கார்டு. யு.எஸ்.சி.ஐ.எஸ். எனும் குடியேற்ற அலுவலகத்தின் தளத்தில் தொழிலாளியின் நாட்டுக்கான டி.பி.எஸ். பக்கத்தைத் திறந்து, இந்தத் தேதியிட்ட கார்டுகள் எதுவரை நீட்டிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நீட்டிப்பு இருந்தால், ஆளின் வேலை உரிமையைச் சரிபார்த்து நாம் நிரப்பும் ஐ-9 படிவத்தின் கூடுதல் தகவல் கட்டத்தில் நீட்டிப்பு என்று குறித்து, புது முடிவுத் தேதியை எழுதுங்கள். மறுபடி சரிபார்ப்பது அந்தத் தேதி நெருங்கும்போதுதான். அந்த அறிவிப்பை நீயே கொண்டு வா என்று தொழிலாளியிடம் கேட்கக்கூடாது.

நம் வீடுகளுக்குத் தெரியாத விஷயமா இது? வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான ஹெச்-4 ஈ.ஏ.டி. புதுப்பித்து வராமல், நல்ல வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த மனைவிமார் எத்தனை பேர்! அப்போது அரசாங்கத்தைத் திட்டினோம். இங்கேயோ அரசாங்கம் நீட்டித்துவிட்டது, நாம்தான் நிறுத்தினோம்.

இன்னொரு பழக்கம். "எதற்கும் கிரீன் கார்டு இருந்தா கொண்டு வாங்க" என்பது. ஐ-9க்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது, அந்தப் படிவத்துக்கான ஆவணப் பட்டியலுக்குள் தொழிலாளியின் விருப்பம். செல்லுபடியாகும் ஈ.ஏ.டி. ஒன்றே போதும். ஒருவரின் நாட்டையோ குடியேற்ற நிலையையோ வைத்துக் கூடுதல் காகிதம் கேட்டால் அது சட்டமீறல். அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சிவில் உரிமைப் பிரிவு விசாரித்து அபராதம் போடும். ஈ-வெரிஃபை எனும் அரசின் இணையச் சரிபார்ப்பு முறையை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அதில் பொருந்தவில்லை என்று வந்தால், தொழிலாளி அதை எதிர்த்து உரிய அலுவலகத்தை அணுக எட்டு அரசு வேலைநாள் உண்டு. அந்த விவகாரம் முடியும்வரை அவரை நிறுத்தவோ ஷிப்டைக் குறைக்கவோ கூடாது.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. நீட்டிப்பு உண்மையிலேயே முடிந்து, வேலை செய்யும் உரிமைக்கு வேறு ஆவணமும் இல்லையென்றால், இரக்கப்பட்டு வைத்திருக்க முடியாது. தெரிந்தே வைத்திருந்தால் அதுவும் சட்டமீறல். 2025இல் வெனிசுவேலாக்காரர்களின் டி.பி.எஸ். வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இடையே போய் வந்ததைப் பார்த்தோம். போன மாதம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அன்றைய பக்கத்தை அன்றைக்கே பார்த்து, அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். குழப்பமாக இருந்தால் அந்தச் சிவில் உரிமைப் பிரிவே முதலாளிகளுக்கென்று தொலைபேசி உதவி வைத்திருக்கிறது. பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

விஷயம் தெரிந்து நான் அந்தத் தோசை மாஸ்டருக்குப் போன் செய்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. வேறொரு சமையலறையில் சேர்ந்துவிட்டிருந்தார். அங்கே எந்தக் கார்டைக் காட்டினீர்கள் என்று கேட்டேன். அதே கார்டைத்தான் என்றார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப் பிள்ளை