அம்மா "சாவி" என்றார், தாளில் தவறு என்று விழுந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தோம். முகம் ஒரு பக்கம் கோணினால், கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால் நேரம் கடத்தாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மிகவும் தேவையான செய்தி. ஆனால் அந்த நாலரை மணி நேரத்துக்குப் பிறகு வருகிற மாதங்களையும் வருடங்களையும் பற்றி "தொடர்ந்து பயிற்சி செய்து வர வேண்டும்" என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் நாங்கள் இரண்டு வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 71. மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தது மூளையின் இடது பக்கத்தில். வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும் போனது. முதல் சில மாதம் அவர் வாயில் வந்த ஒரே சொல் "கரண்டி". தண்ணீர் வேண்டுமென்றாலும் கரண்டி, கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலும் கரண்டி. தான் சொல்வது தவறு என்று அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுவார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்திப் பேசினார்கள், சிலர் "புத்தி தடுமாறிப் போச்சு" என்று என் காதுபடவே சொன்னார்கள். இதற்கு அபேசியா என்று பெயர். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. புத்தி அப்படியே இருக்கும், சொல்லை எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக அம்மாவை இரண்டு பேர் தூக்கிக் காரில் உட்கார வைக்க வேண்டும், சக்கர நாற்காலியை மடித்து ஏற்ற வேண்டும், என் தம்பி அன்றைய வேலைக்கு லீவு போட வேண்டும். வீடு திரும்பும்போது அம்மா களைத்துத் துவண்டு போயிருப்பார். அன்று முழுக்க ஒரு சத்தம்கூட வராது.

மூன்றாவது முறை போனபோது என்னை அறைக்குள் விட்டார்கள். பயிற்சி கொடுத்தவர் இளம்பெண், மிகுந்த பொறுமைசாலி. மலாயில் பேசினார், அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு படத்தைக் காட்டி மலாயில் "இனி அபா?" (இது என்ன?) என்று கேட்டார். அம்மா உதட்டைக் குவித்தார், விரித்தார், திணறினார். அரை நிமிடத்துக்குப் பிறகு "சா... சாவி" என்றார். அத்தனை மாதத்தில் கரண்டியைத் தவிர அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் சொல். படத்தில் இருந்ததும் சாவிதான். அந்தப் பெண்ணோ "குஞ்சி" என்ற மலாய்ச் சொல்லை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அது வராததால் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் குறுக்கே புகுந்து சொன்ன பிறகு அழித்துத் திருத்தினார், வருத்தமும் தெரிவித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் உள்ளே இல்லாத முதல் இரண்டு முறையும் எத்தனை சொற்கள் அப்படிப் பெருக்கல் குறியாகிப் போயிருக்கும் என்று நினைத்தால்தான் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அம்மா மலாய் தெரியாதவர் அல்லர். பாசாரில் (சந்தையில்) பேரம் பேசவும் கிளினிக்கில் நம்பர் வாங்கவும் போதுமான மலாய் இருந்தது. ஆனால் பல மொழி புழங்குபவருக்கு அபேசியா வந்தால் எல்லா மொழியும் ஒன்றுபோல் திரும்பி வராது. அன்றாடம் அதிகம் புழங்கிய மொழியே பெரும்பாலும் முதலில் திரும்புகிறது என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895-லேயே எழுதி வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்பதில்லை, ஆனால் என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னால் தமிழில் தங்குதடையில்லாமல் வரும். நெஞ்சில் ஊறிய எண்ணும் கிழமையும் சாமி பாட்டும் பேச்சு போன பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டாம். அந்த நூலைப் பிடித்துத்தான் மற்றச் சொற்களை இழுக்க வேண்டும். தமிழ் தெரியாதவரால் அந்த நூலை எப்படிப் பிடிக்க முடியும்?

கோலாலம்பூரில் தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வீடியோ அழைப்பில் பயிற்சி தருகிறார் என்று ஒரு தோழி சொல்லித் தொடர்பு கிடைத்தது. கொரோனா காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சில் வந்தபோது வேறு வழியில்லாமல் பலர் இப்படித் தொடங்கினார்கள், அவர் அதை விடாமல் வைத்திருக்கிறார். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம். சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்தோம். முதல் நாள் ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்ததில் அம்மாவின் முகம் கறுப்பாகத் தெரிய, வாயசைவைப் பார்க்க வேண்டும் என்று நாற்காலியைத் திருப்பச் சொன்னார். படத்தாள் எதுவும் இல்லை. எங்கள் அடுப்படியில் இருந்ததையே எடுத்து வரச் சொன்னார்: வெங்காயம், சல்லடை, அரிவாள்மனை, தீப்பெட்டி. அரிவாள்மனையைக் கண்டதும் அம்மா சிரித்தார். சொல் வர இன்னும் மூன்று வாரம் ஆனது, சிரிப்பு அன்றைக்கே வந்துவிட்டது.

நான்காம் வாரம் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து என் தம்பி அம்மாவை எழுப்பினான். எப்போதும் செய்வதுபோல் விழுந்துபோன வலது கையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து "ஐயா, கையை விடுங்க, அந்தப் பக்கம் பிடிச்சு இழுக்காதீங்க!" என்று குரல் வந்தது. தசை தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு நழுவும், தீராத தோள்வலி வரும் என்று விளக்கினார். இராத்திரியில் அம்மா முனகிக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. மறுவாரமே தனக்குத் தெரிந்த ஒரு பிசியோவையும் (உடலியக்கப் பயிற்சியாளர்) அழைப்பில் சேர்த்து, இடுப்பைப் பிடித்து எழுப்புவது எப்படி என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். குளியலறை வாசலில் கிடந்த கால்மிதியைக் கண்டு எடுக்கச் சொன்னவரும் அந்த பிசியோதான். மருத்துவமனை அறையில் எத்தனை நிபுணர் இருந்தாலும் எங்கள் வீட்டுக் கால்மிதி அவர்கள் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

"போனில் பார்த்து என்ன வைத்தியம்" என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 11 இடங்களில் ஸ்ட்ரோக் வந்த 124 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு பாதிப் பேர் மருத்துவமனைக்கு வந்தும் மறுபாதி வீட்டிலிருந்து காணொளி வழியாகவும் கைக்கான பயிற்சியைச் செய்தார்கள். இரு தரப்புக்கும் எழுபது நிமிடப் பயிற்சி, 36 முறை. கையின் அசைவை 66 புள்ளிக்கு அளந்ததில் இரு தரப்பும் ஏறக்குறைய 8 புள்ளி முன்னேறியிருந்தன. 22 ஆய்வுகளை, அதாவது 1,937 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கையும் அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதில் தொலைவழிப் பயிற்சிக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை.

எல்லாவற்றையும் போனில் செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. விழுங்குவதில் சிக்கல் இருந்தால் நேரில்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் நுரையீரலுக்குள் போவதைத் திரையில் கண்டுபிடிக்க முடியாது. நின்று நடக்கும் பயிற்சியின்போது பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் விட்டால் ஆபத்து. இணையம் விட்டு விட்டு வருகிற நாளில் "நான் சொன்ன பிறகு சொல்லுங்க" என்ற பயிற்சியே குழம்பிவிடும், அம்மா எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். செலவும் சின்னதல்ல. எங்களுக்குத் தம்பி இருக்கிறான், இரண்டு சம்பளம் இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவருக்கு யார் போனைப் பிடிப்பது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகநூலில் "21 நாளில் ஸ்ட்ரோக் குணம்" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரும் பிசியோவும் 2016-ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். பணம் கட்டுவதற்கு முன் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சுகாதார அமைச்சிடம் என் முதல் கோரிக்கைக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஸ்ட்ரோக் நோயாளியைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பும் படிவத்தில் "வீட்டில் பேசும் மொழி" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். தமிழ் என்று எழுதியிருந்தால், அந்த மருத்துவமனையில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டாலும், நாட்டின் வேறொரு அரசாங்க மருத்துவமனையில் இருப்பவரிடம் காணொளி வழியாக நேரம் ஒதுக்கித் தரட்டும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம் 1995-லிருந்து பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. நம் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள். அவர்கள் கிள்ளானிலோ ஜொகூரிலோ வேலை செய்தால் நிபோங் திபால் அம்மாவுக்கு எட்டாத தூரம் என்ற நிலை இனித் தேவையில்லை.

வீட்டில் இணையமோ துணையோ இல்லாதவர்களுக்குத் தாமான் (குடியிருப்பு) மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ வாரம் இரண்டு காலை ஓர் அறை, ஒரு பெரிய திரை, ஒரு தன்னார்வலர் போதும். தானும் ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவரான ஜேனட் இயோ 1996-ல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கமான நாசாம், பினாங்கிலும் மையம் வைத்திருக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்கள் ஒன்றுகூடிப் பழகினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் தமிழ் அமைப்புகள் அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். தமிழ்ப் படத்தாள்களை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே செய்து தந்துவிடுவார்கள். ஆப்பிளும் பனிமனிதனும் வேண்டாம், தேங்காய்த் துருவியும் விளக்குத்திரியும் இருக்கட்டும்.

அம்மா இப்போது ஏறக்குறைய நூறு சொல் பேசுகிறார். வாக்கியமாக வருவதில்லை, சில நாள் கரண்டி திரும்பி வந்துவிடும். எங்கள் தெருவில் இன்னும் இருவர் ஸ்ட்ரோக்கில் பேச்சிழந்து இருக்கிறார்கள். ஒருவர் முன்னாள் லாரி ஓட்டுநர், இன்னொருவர் ஐம்பதைத் தாண்டாத பெண். அவர்கள் வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆளும் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் யாராவது வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் தயவுசெய்து ஆசிரியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். என் எண் அவர்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நிபோங் திபால், பினாங்கு