வாசகர் மன்ற ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

அன்புடையீர், வணக்கம்.

பொதுக்குழுவுக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேரைக் காணோம். வந்திருப்பவர்கள் எப்போதும் வருகிறவர்கள். ஆகவே வராதவர்கள் மேலுள்ள வருத்தத்தை வந்தவர்கள் தலையில் கொட்டும் வழக்கம் இந்த ஆண்டும் தொடர்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழா நடந்தது. பாரதி பிறந்தநாளில் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி நடந்தது. ஓணத்துக்கு நூலகம் பூட்டியிருந்தது. ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். கரையான் தின்ற புத்தகங்களின் பட்டியல் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இனி, ஞாயிறு வகுப்பு. "தமிழ் வாசிக்கிற இடத்தில் கணக்குப் பாடம் எதற்கு?" என்று செயற்குழுவில் இரண்டு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் பொருளாளர் என்பது எல்லோருக்கும் தெரியும். என் பதில் இந்த அறிக்கையில் பதிவாகட்டும்.

வகுப்பில் எடுத்துக்கொண்டது ஆட்டக் கோட்பாடு. பெயரைக் கேட்டுச் சதுரங்கம் என்று நினைத்து வந்த இரண்டு பையன்கள் பாதியில் எழுந்து போனார்கள். நாம் செய்வது நமக்கு லாபமா நட்டமா என்பது அடுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்திருந்தால், அந்த நிலைமையைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பதுதான் இது. 1944இல் ஜான் வான் நாய்மன் என்ற கணித அறிஞரும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளியல்காரரும் சேர்ந்து எழுதிய பிறகே இது தனித்துறையாக நிலைபெற்றது. இந்தத் துறையில் பேர்பெற்ற ஜான் நாஷ் படித்தது கணிதம். 1994இல் அவருக்குக் கிடைத்தது பொருளியல் நோபல். எலினார் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல்காரர். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய ஆய்வு மையத்தில் கணிதம், பொருளியல், உளவியல், தத்துவம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன. நம் ஓட்டுக் கூரைக்குக் கீழே நடந்தால் மட்டும் தீட்டா?

அதிகக் கூட்டம் வந்தது தண்ணீரைப் பற்றிப் பேசிய ஞாயிறன்றுதான். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வருகிற தண்ணீரைத் தலைமடையும் கடைமடையும் எப்படிப் பிரிப்பது? யூதர்களின் பழைய சமயச் சட்டநூலான தால்முத்தில் ஒரு கணக்கு உண்டு. மூன்று மனைவியருக்கு 100, 200, 300 என்று எழுதி வைத்தவர் இறந்துபோகிறார். விட்டுப்போன சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம். 300 என்றால் 50, 100, 150. 200 என்றால் 50, 75, 75. மூன்றுக்கும் பொதுவான விதி எது என்று வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1985இல் ராபர்ட் ஔமனும் மைக்கேல் மாஷ்லரும் அதை அவிழ்த்தார்கள். எந்த இரண்டு பேரை எடுத்தாலும், ஒருவர் கேட்காத பகுதியை மற்றவருக்கு விட்டுவிட்டு, இருவரும் கேட்கிற பகுதியை மட்டும் சரிபாதியாக்க வேண்டும். சொத்து 200 என்ற கணக்கில் முதல் இருவரின் 50ஐயும் 75ஐயும் சேர்த்தால் 125. நூறு கேட்டவள் உரிமை கோராத 25 மற்றவளுக்கு. மீதி நூறில் பாதிப் பாதி. கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கடைமடைக்காரர் ஒருவர் கேட்டார்: "கணக்கெல்லாம் சரிங்க, மதகு சாவி யாருகிட்ட இருக்கு?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் ஆஸ்ட்ரத்திடம் போனோம். தண்ணீர் பாய்ச்சுகிறவர்களே காவலும் இருந்து, முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, மறுபடி செய்தால் பெரியது என்று வைத்துக்கொண்ட இடங்களில் பொதுச்சொத்து நிலைத்து நின்றதை அவர் பல நாடுகளில் பார்த்து எழுதினார்.

அடுத்த வாரம் நாணய ஆட்டம். நாலு பேர், ஆளுக்குப் பத்து ஒரு ரூபாய் நாணயம். பாத்திரத்தில் விழுவதை மன்றம் இரட்டிப்பாக்கி நாலு பேருக்கும் சமமாகப் பிரித்துத் தரும். எல்லோரும் பத்தையும் போட்டால் ஆளுக்கு 20. மூன்று பேர் போட்டு ஒருவர் போடாவிட்டால் போட்டவர்களுக்கு 15, போடாதவருக்கு 25. முதல் சுற்றில் தாராளமாகத்தான் போட்டார்கள். போகப் போகக் குறைந்தது. ஆய்வுக்கூடங்களிலும் இப்படித்தான் குறைகிறது. கடைசிச் சுற்றில் விழுந்தது ஒரே நாணயம். அதுவும் கை தவறி விழுந்தது என்றார் போட்ட அம்மாள். எல்லாச் சுற்றிலும் பத்தையும் மடியிலேயே வைத்திருந்தவருக்கு மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி. பெயரைச் சொல்ல மாட்டேன். அவரே வந்து கேட்டால் சொல்வேன்.

போடாதவரைத் தண்டிக்க வழி கொடுத்தால் இதே ஆட்டத்தில் போடுகிற தொகை ஏறுகிறது என்று எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் இருவரும் 2000இல் காட்டினார்கள். அதைப் படித்த வேகத்தில்தான் ஏப்ரலில் சந்தா தாமதத்துக்கு மாதம் பத்து ரூபாய் அபராதம் கொண்டு வந்தேன். அதுவரை பாக்கிக்காரர்கள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போவார்கள். இப்போது நேரே வந்து, "பத்து ரூபாதானே செயலாளரே, சேர்த்துக் கட்டிடறேன்" என்று சிரிக்கிறார்கள். பாக்கி கூடிவிட்டது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 1998இல் நடந்த ஆய்வைப் பற்றி நான் படித்தது செப்டம்பரில். குழந்தைகள் காப்பகங்களில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் வைத்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் அது இறங்கவில்லை. அதற்கு முன்பு தடுத்துக்கொண்டிருந்தது கூச்சம். நான் அதற்கு விலை போட்டு விற்றுவிட்டேன். பொருளாளர் ஏப்ரலிலேயே எதிர்த்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். ரசீதுப் புத்தகம் போதாது என்பதுதான் அவர் சொன்ன காரணம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவை அவரே வாசிப்பார். வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், ஓடு மாற்றியதால். 'இதர செலவு' என்ற வரியில் நாணயங்கள் அடக்கம். அவை திரும்பி வரவில்லை.

ஏணி இரவல் தந்தவர், நாற்காலி அடுக்கிய பிள்ளைகள், கட்டன் சாயா கொடுத்த கடைக்காரர் அனைவருக்கும் நன்றி. செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஏலம் பற்றி வகுப்பு நடத்த ஆசை. அதிக விலை கேட்டவருக்குப் பொருள், ஆனால் இரண்டாவதாகக் கேட்டவர் சொன்ன விலையைக் கட்டினால் போதும் என்று வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்த ஏலம் அது. குறிச்சீட்டில் தள்ளி எடுத்துப் பழகிய நமக்கு அது கஷ்டமாக இருக்காது. ஆனால் கரும்பலகைக்கு வண்ணம் அடிக்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானாலும் மகிழ்ச்சிதான். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், கை தூக்க ஆளில்லை.

அபராதம் இன்றோடு ரத்து. இனி பாக்கிக்காரர்கள் தாராளமாக எதிர்ப்பக்கம் கடந்து போகலாம். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சாயா வரும்வரை நானும் அங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்