'ரத்தத்தில் ஓடுகிறது' என்று எழுதுவதை விட்டுவிடலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஓட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே பெரியவர்களோடு சரிக்குச் சரியாக ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெடுந்தூர ஓட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி, அது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் தலைப்பில் தொடங்கிக் கடைசி வரி வரை 'ரத்தத்திலேயே ஓட்டம்', 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று ஒரே பல்லவி. பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன் நான். இந்தப் பல்லவி அந்தப் பிள்ளைகளின் காதில் விழுகிறது, அவர்களின் அப்பா அம்மா காதிலும் விழுகிறது, அதனால் என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டிய சாம் ரூத்தையே பார்ப்போம். நியூசிலாந்துப் பையன். 2025 மார்ச் 19 அன்று ஆக்லாந்தில் ஒரு மைலை 3 நிமிடம் 58.35 விநாடியில் ஓடி முடித்தான். 16 வயது நிறைய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய 15 வயதுக்காரர் அதற்கு முன் உலகத்தில் யாருமே இல்லை. 1954-ல் அந்த எல்லையை முதன்முதலில் தாண்டிய ரோஜர் பேனிஸ்டருக்கு அப்போது வயது 25. சாமின் பாட்டி ரோஸ்மேரி ஸ்டிர்லிங் 1970 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் ஸ்காட்லாந்துக்காக 800 மீட்டரில் தங்கம் வாங்கியவர். தாத்தா ட்ரெவர் ரைட் 1971-ல் ஐரோப்பிய மாரத்தானில் வெள்ளி. அப்பா, அம்மாவும் ஓட்டக்காரர்கள். பிரமாதமான விஷயம்தான், எழுதத்தான் வேண்டும். ஆனால் அன்று ஒலிம்பிக் வீரர் சாம் டேனர் கூடவே ஓடி அந்தப் பையனுக்கு வேகம் பிடித்துக் கொடுத்தார் என்பதையும், இரண்டு பேருக்கும் பயிற்சியாளர் கிரெய்க் கிர்க்வுட் என்ற ஒரே ஆள்தான் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. பாட்டியின் பதக்கத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது, பயிற்சியாளரின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

சரி, ரத்தத்துக்குப் பங்கே கிடையாதா என்று கேட்டால், உண்டு. 1999-ல் வெளிவந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதுவரை உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 481 பேரை, 98 குடும்பங்களைச் சேர்ந்தவர்களை, 20 வாரம் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்து, உடம்பு உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரை கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. யாருக்குக் கூடியது, யாருக்குக் கூடவில்லை என்பது பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகவே அமைந்திருந்தது. அந்த வித்தியாசத்தில் அதிகபட்சம் 47 சதவீதத்தைக் குடும்பத்தின் கணக்கில் வைக்கலாம் என்று முடிவு சொன்னார்கள். அதிகபட்சம்தான். அதிலும் மரபணு மட்டும் இல்லை, ஒரே வீட்டில் வளர்ந்த பழக்கமும் கலந்திருக்கிறது. ரத்தம் என்று நிஜமாகவே சொல்லத்தக்க குடும்பம் ஒன்று பின்லாந்தில் இருந்தது. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வென்ற ஈரோ மாண்டிரான்டாவுக்கு, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் சாதாரண அளவைவிட மிக அதிகமாக உருவாகும் ஒரு மரபணு மாற்றம் இருந்ததைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அவருடைய சொந்தபந்தத்தில் இன்னும் பலருக்கும் அதே மாற்றம் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒலிம்பிக் போய்விடவில்லை.

குடும்பம் என்றாலே எல்லோரும் காட்டுவது நார்வேயின் இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்களை, உங்கள் கட்டுரையும் காட்டியது. ஹென்ரிக் 2012-ல் ஐரோப்பிய 1500 மீட்டர் சாம்பியன், ஃபிலிப் 2016-ல், யாகோப் 2018-ல் 17 வயதில் 1500, 5000 இரண்டிலும். அப்புறம் யாகோப் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம், 2024 பாரிஸில் 5000 மீட்டர் தங்கம். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர் இல்லை, ஏழு பேர். அதே அப்பா, அதே அம்மா, அதே வீடு. மற்ற நால்வரில் யாரும் இந்த உயரத்துக்கு வரவில்லை, எல்லோரும் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னொன்று, இவர்களைப் பழக்கிய தந்தை யெர்ட் ஓட்டக்காரரே இல்லை, தானாகப் படித்துக் கற்றுக்கொண்டவர். 1980, 1984 ஒலிம்பிக்குகளில் 1500 மீட்டர் தங்கம் வென்ற செபாஸ்டியன் கோவின் தந்தை பீட்டர் கோவும் அப்படித்தான், பொறியாளர், மகனுக்காகவே பயிற்சியாளர் ஆனவர். ஆக இரண்டு பேர்பெற்ற 'ஓட்டக் குடும்பங்கள்' ஓடத் தெரியாத அப்பாவிடமிருந்து ஆரம்பித்தவை.

அந்த நார்வே வீட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2023 அக்டோபரில் மூன்று சகோதரர்களும் சேர்ந்து, அப்பா தங்களிடம் வன்முறையாக நடந்துகொண்டார், மிரட்டினார் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அவர் மறுத்தார். வழக்கு நடந்து 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. யாகோப் தொடர்பான குற்றச்சாட்டுகளில் நீதிமன்றம் அவரை விடுவித்தது, மகளை ஈரத் துண்டால் முகத்தில் அடித்ததற்காக மட்டும் 15 நாள் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை, அதை நீதிமன்றம் பார்த்துவிட்டது. ஆனால் உலகமே 'பாருங்கள், என்ன குடும்பம்!' என்று வியந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவும் பயிற்சியாளரும் ஒரே ஆள்தான். காலையில் ஓட்டம் சரியில்லை என்றால் இரவுச் சாப்பாட்டு மேசையிலும் அதே முகம். அந்த நிலையில் இருக்கிற ஒரு பிள்ளை 'எனக்கு இன்று முடியவில்லை' என்று யாரிடம் போய்ச் சொல்லும்? சாம் ரூத்தின் கதையில் எனக்குப் பிடித்த செய்தியே இதுதான்: தாத்தா பாட்டி காலத்திலிருந்து ஓட்டம் தெரிந்த வீடு, ஆனால் பயிற்சியாளர் வெளியாள். கட்டுரையில் ஒரு வரியாவது அதற்குக் கொடுத்திருக்கலாம்.

எத்தியோப்பியாவின் டிபாபா சகோதரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதும் சரிதான், ஆனால் பாதிதான். திருனேஷுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம், அக்கா எஜிகயெஹுவுக்கு 2004 ஏதென்ஸில் வெள்ளி, தங்கை கென்செபே 2015-ல் 1500 மீட்டர் உலக சாதனை, உறவுக்காரர் டெரார்டு துலு 1992-லும் 2000-லும் 10,000 மீட்டர் தங்கம். ரத்தம் என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கெனெனிசா பெக்கெலே இவர்கள் குடும்பம் இல்லை, அவரும் இவர்கள் வளர்ந்த அதே பெகோஜி வட்டாரத்து ஆள். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். சென்டாயெஹு எஷெட்டு என்ற பள்ளி ஆசிரியர் அங்கே பிள்ளைகளை அழைத்து ஓடவிட்டார். ஒரு அக்கா ஜெயித்து வந்தால் தங்கை மட்டுமில்லை, தெருவே ஓடுகிறது. 2003 பாரிஸ் உலகப் போட்டியில் பெண்கள் 5000 மீட்டர் தங்கத்தை 18 வயது திருனேஷ் வாங்கினார். அதே போட்டியில் ஆண்கள் 5000 மீட்டர் தங்கத்தை வாங்கியவருக்கும் 18 வயதுதான், அவர் கென்யாவின் எலியுட் கிப்சோகே. அவருக்கு இப்படிக் குடும்பப் பின்னணி எதுவும் கிடையாது. தாய் ஆசிரியை, தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். பக்கத்தில் வசித்த முன்னாள் ஒலிம்பிக் வீரர் பேட்ரிக் சாங்கிடம் போய்ப் பயிற்சித் திட்டம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி ஓடியவர் கிப்சோகே. அந்த மனிதர் 'உன் வீட்டில் யார் ஓடியிருக்கிறார்கள்' என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது மைதானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். ஓட்டக் குடும்பத்துப் பிள்ளை பயிற்சிக்கு வந்தால் முதல் நாளே தெரியும். சூடுபடுத்திக்கொள்ளாமல் ஓட மாட்டான், முதல் சுற்றில் பாய்ந்துவிட மாட்டான், மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடுவதை அவமானமாக நினைக்க மாட்டான். இதெல்லாம் வீட்டில் பார்த்துப் பார்த்து வந்தது. மற்ற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் ஆகும். குடும்பம் கொடுக்கிற பெரிய சொத்து இதுதான் என்பது என் கணிப்பு, நுரையீரலைவிட இது பெரிது. ஆனால் அதே பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு முண்டாக இருக்கும் இடத்தில் வலி வந்தால் வாயைத் திறக்க மாட்டான். படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான், உட்கார்ந்தால் உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்திக்கொள்கிறான், 'வலிக்கிறதா' என்றால் 'இல்லை சார்' என்கிறான். வேகமாக உயரம் கூடும் வயதில் தசைநார் இழுக்கிற இடம் அது, கொஞ்ச காலம் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறைக்க ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். எலும்பு முதலில் நீளும், அது கெட்டிப்படுவது அப்புறம்தான். அந்த இடைவெளியில் கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் எலும்பில் நுண்முறிவு வரும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சங்கடம். 12 வயதில் பையன்களை முந்தி ஓடுகிற பெண், உடம்பு மாறுகிற வருடங்களில் ஓடி முடிக்கும் நேரம் குறையாமல் அப்படியே நின்றுவிடுவாள், சில சமயம் பின்னால் போவாள். இது இயற்கை, பொறுத்திருந்தால் திரும்ப வருவாள். ஆனால் 'சாம்பியனின் மகள்' என்று பத்திரிகையில் படம் வந்துவிட்ட பெண்ணுக்கு யார் பொறுக்கிறார்கள்? சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்றுபோனால், கடுமையாக ஓடினால் அப்படித்தான் என்கிறார்கள். அப்படி இல்லை. உடம்புக்குத் தேவையான சக்தி கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது, எலும்பைத் தின்றுவிடும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. அமெரிக்காவின் மேரி கேன் 2013-ல் 17 வயதில் உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்று வரை வந்தவர். எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடியில் எலும்புகள் முறிந்து, மாதவிடாய் வருடக்கணக்கில் நின்று, ஓட்டமே கைவிட்டுப்போன கதையை 2019-ல் அவரே சொன்னார். ஓட்டக் குடும்பத்துப் பிள்ளை என்ற பட்டம் இல்லாத பெண்ணுக்கே அந்த நெருக்கடி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் கட்டுரை வந்த வாரம் ஒரு தகப்பனார் என்னிடம், 'எங்கள் வீட்டில் யாரும் ஓடினதில்லையே சார், இவனுக்கு எங்கிருந்து வரப்போகிறது' என்றார். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் நல்லாவே ஓடுகிறவன். அப்பா வேறு யாரையும் குறை சொல்லவில்லை, பத்திரிகையில் படித்ததைத்தான் சொன்னார்.

அதனால் என் கோரிக்கை. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள், இன்னும் நிறைய எழுதுங்கள், பாட்டியின் பதக்கத்தையும் போடுங்கள். கூடவே, பயிற்சி கொடுப்பது யார், வீட்டு ஆளா வெளியாளா, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, காயம் பட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யார் கையில் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் பிடித்திருக்கிறதா என்று, அப்பா அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒரு தடவை கேளுங்கள். வருடம் போய் நேரம் குறையாமல் நின்றாலோ, ஓட்டத்தை விட்டு வேறு எதற்காவது போனாலோ, 'மங்கிய நட்சத்திரம்' என்று தலைப்புப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர், ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்