ஏவுதளம் வருகிறது, சட்டம் எப்போது?

ஆசிரியருக்கு, குலசேகரன்பட்டினம் ஏவுதளப் பணிகள் பற்றிய செய்தி படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் தனியார் ராக்கெட்டுகளுக்கான சட்டம் எங்கே? 2017-இல் வெளியான விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ், 2023-ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கையை வைத்துத்தான் அனுமதி தருகிறது. விண்வெளிப் பொருள்களால் ஏற்படும் சேதம் பற்றிய 1972-ஆம் ஆண்டு சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கைப்படி, இங்கிருந்து கிளம்பும் தனியார் ராக்கெட் வேறு நாட்டில் விழுந்து சேதம் ஏற்படுத்தினால், இழப்பீட்டுக்குப் பொறுப்பு இந்திய அரசு. அதாவது நம் வரிப்பணம்!

காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவன் நான். பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லாத தொழில் என்றால் பிரீமியம் சொல்லவே தயங்குவோம். அமெரிக்காவில் உரிமம் பெறுபவர் குறிப்பிட்ட தொகைக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கு மேல் ஓரளவு அரசு ஏற்கும். அப்படியொரு ஏற்பாட்டோடு மசோதாவை நாடாளுமன்றத்தில் வைக்கலாம். ஏவுதளம் கடலோரத்தில் வருவதால், மீனவர்களின் படகு, வலை இழப்புக்கும் அதில் ஒரு பிரிவு இருக்கட்டும்.