எம்எம் 540 ஜீப் வயரிங் செட்: ‘சுத்த காப்பர்’ என்று விற்ற வயருக்குள் அலுமினியம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் நீங்கள் அனுப்பிய பதில்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், மூன்றிலும் மூன்று வேறு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தடவை காரணம் கேட்டு எழுதவில்லை. காரணம் என் கையிலேயே கிடைத்துவிட்டது, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஜூன் மாதம் மகிந்திரா எம்எம் 540 ஜீப்புக்கான முழு வயரிங் செட் ஒன்றை 7,450 ரூபாய் கொடுத்து உங்களிடம் ஆன்லைனில் வாங்கினேன். அட்டைப்பெட்டியின் மேல் ‘சுத்த காப்பர், சார்ஜிங் லைன் 6 ஸ்கொயர் எம்எம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயர்தான் சார்ஜிங் லைன். பெட்டியில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். எங்களுக்குத் தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். தோட்டத்துக்குள் போகும் பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது. மழைக்காலத்தில் ஃபோர் வீல் போட்டு லோ கியரில்தான் ஏற முடியும். என் அப்பா 2003-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி இது, 1991 மாடல், அதே பழைய 2,112 சிசி எக்ஸ்டிபி டீசல் எஞ்சின். அப்பா இருந்த வரைக்கும் சின்னச் சின்ன வேலைகளை அவரே பார்த்துக்கொள்வார், பக்கத்தில் டார்ச் பிடித்து நின்று நானும் கற்றுக்கொண்டேன். எலி கடித்ததும் ஒட்டுப் போட்டதுமாகப் பழைய வயரிங் எது எங்கே போகிறது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தது, அதனால்தான் இந்த வருடம் முழுசாகவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து நானும் என் மச்சானும் பொருத்தினோம். ஒவ்வொரு முனைக்கும் பேப்பர் டேப் ஒட்டி எண் போட்டு, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் இறுக்கினோம்.

ஆகஸ்டில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும். இங்கே காலைக் குளிரில் ஹீட்டர் பிளக்கை அரை நிமிடமாவது போட்டு வைத்தால்தான் எஞ்சின் பிடிக்கும், அதற்கே பேட்டரி சோர்ந்துபோகும். உங்களுக்கு எழுதினேன். பேட்டரி பழசாக இருக்கும், மாற்றுங்கள் என்றீர்கள். மாற்றினேன். மூன்று வாரத்தில் புது பேட்டரியும் அதே மாதிரி ஆனது. ராத்திரி நிறுத்தும்போது எதுவும் கரண்ட் இழுக்கிறதா என்று பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 மில்லி ஆம்பியர். அந்த அளவு இழுத்து எந்த பேட்டரியும் ஒரு ராத்திரியில் படுக்காது. இரண்டாவது கடிதத்தில் இதையெல்லாம் எழுதியும், ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கும் என்று பதில் வந்தது. அதையும் கழற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆல்டர்னேட்டர் வேலை பார்க்கும் பெரியவர் டயோடு, கார்பன் பிரஷ், பேரிங் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, “தம்பி, இதுல ஒரு குறையும் இல்ல, வேற எங்கயோ இருக்கு, வண்டியிலயே தேடுங்க” என்று சொல்லி, பிரித்துப் பூட்டிய கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். அதை எழுதியதற்கு உங்கள் மூன்றாவது பதில்: அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் பொருத்தவில்லை, அதனால் வாரண்டி கிடையாது.

அக்டோபரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இத்தனை கோபமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். பட்டிவீரன்பட்டியில் காப்பி மூட்டையை இறக்கிவிட்டு ராத்திரி எட்டு மணி சுமாருக்கு மலை ஏறிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர் எல்லாம் ஓடுகிறது. வண்டியில் என் மனைவியும், தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பேரும். ஏறும்போதே வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் சிவந்து, வைப்பர் கண்ணாடியில் பாதி வழியில் நின்றுவிட்டது. கருகும் நாற்றம் வந்தது. காட்டுமாடு நிற்கும் ரோடு அது, கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் எதிரே நிற்கும். டீசல் எஞ்சின், நிறுத்துவதற்கும் எங்கள் வண்டியில் கேபிள்தான், அதனால் கரண்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடியது. பின்னால் இருந்த அண்ணன் ஒருவர் மழையில் கையை வெளியே நீட்டி டார்ச் அடித்துக்கொண்டே வந்தார், நடந்து போகும் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். என் மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதுவரை நான் வயரைச் சந்தேகப்படவே இல்லை. பெட்டியில் காப்பர் என்று போட்டிருக்கிறதே என்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது வோல்டேஜ் டிராப், அதாவது வயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் எத்தனை வோல்ட் குறைகிறது என்று பார்த்தேன். உங்கள் டெக்னிக்கல் ஆட்கள் இதைச் செய்யச் சொல்லி எனக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம், பத்து நிமிட வேலை. சார்ஜிங் லைனின் முனைகளில் போல்ட்டில் மாட்டுவதற்கு இருக்கும் லக் இரண்டிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, அதை முதலில் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன், லக்கில் குறை என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக. பேட்டரியைத் தனியாக சார்ஜ் ஏற்றி மாட்டி, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி, எல்லா லைட்டையும் போட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் மெயின் போல்ட்டிலும் கறுப்பை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தேன். நல்ல வயராக இருந்தால் அங்கே 0.2 அல்லது 0.3 வோல்ட் காட்டும். காட்டியது 1.3. ஆல்டர்னேட்டரில் 14.3 வோல்ட் வருகிறது, பேட்டரிக்கு 13.0 தான் போய்ச் சேருகிறது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால் அது தன் பக்கத்து 14.3-ஐத்தான் பார்க்கும், அதற்கு மேல் ஏற்றாது. பேட்டரி நாள் முழுக்க ஓடினாலும் நிறையாது. எர்த் பக்கம் அளந்தபோது 0.05. அங்கே ஒன்றும் இல்லை. ராத்திரி நேரத்தில் டாஷ்போர்டில் சார்ஜிங் பல்பு மினுக்மினுக்கென்று மங்கலாக எரிந்ததற்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது, பல்பின் இரண்டு பக்கமும் அந்த 1.3 வோல்ட் வித்தியாசம் நின்றிருக்கிறது.

டிசி கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து கரண்டையும் அளந்தேன், 28 ஆம்பியர். 1.3-ஐ 28-ஆல் பெருக்கிப் பாருங்கள், 36 வாட் வருகிறது. ரேடியோ கடையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூடு அந்த ஒரு வயருக்குள், டேப் சுற்றிய கட்டுக்கு நடுவில், இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டேப்பைப் பிரித்தபோது வயரின் மேல் தோல் விரலில் ஒட்டியது, பக்கத்தில் போன ஹெட்லைட் வயரோடு ஓரிடத்தில் உருகிச் சேர்ந்தே போயிருந்தது.

வயரை வெட்டினேன். வெளித்தோல் மட்டும் தடிமன், உள்ளே கம்பி சன்னம். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் இழைகளைப் பிரித்து வைத்து எண்ணினேன். 6 ஸ்கொயர் எம்எம் வயரில் 0.3 மில்லிமீட்டர் இழை 84 இருக்க வேண்டும், எந்த எலக்ட்ரிக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் வயரில் அதே கனத்தில் 22 இழை. மறுபடி எண்ணினேன், மச்சானையும் எண்ணச் சொன்னேன், 22தான். 22 இழை என்றால் அது ஒன்றரை ஸ்கொயர் எம்எம். ஒரு இழையை பிளேடால் சுரண்டியபோது காப்பர் நிறம் மேலே மட்டும் போய், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. சிகரெட் லைட்டரில் காட்டினேன், நுனி உருகிச் சுருண்டு உருண்டையாகி விழுந்தது. காப்பர் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், அதன் இழை சிவக்குமே தவிர இப்படி விழாது. இது காப்பர் பூச்சு போட்ட அலுமினியம். காப்பர் கடத்தும் கரண்டில் முக்கால் பங்குகூடக் கடத்தாது. லக்கில் பூத்த வெள்ளைப் பொடியும் அதனால்தான், அலுமினியமும் வேறு உலோகமும் சேரும் இடத்தில் மழை ஈரம் பட்டால் அப்படித்தான் அரிக்கும்.

உங்கள் செட்டில் அந்த லைனுக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் கொடுத்திருக்கிறீர்கள். உண்மையான 6 ஸ்கொயர் எம்எம் காப்பருக்கு அது சரி. இந்த வயருக்கு அது காவலே இல்லை, வயர் உருகிக்கொண்டிருக்கும்போதும் ஃபியூஸுக்கு 28 ஆம்பியர்தான் தெரியும், அது போகவே போகாது. பக்கத்திலேயே டீசல் பைப் போகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பிறகு வத்தலக்குண்டில் 84 இழை காப்பர் வயர் மூன்று மீட்டர் வாங்கி, முனைகளில் லக் கிரிம்ப் செய்து, சூடு தாங்கும் ஸ்லீவ் மாட்டி அந்த ஒரே ஒரு லைனை மட்டும் மாற்றினேன். அது வீட்டு வயர், எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ரொம்ப நாள் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், நல்ல ஆட்டோ வயர் வரும் வரைக்கும்தான். வேறு எதையும் தொடவில்லை. அதே பேட்டரி, அதே ஆல்டர்னேட்டர், அதே லைட். டிராப் 0.24 வோல்ட். பேட்டரியில் 14.1. மறுநாள் காலையில் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. பொருத்தியதில்தான் தவறு என்று சொன்னீர்களே, பொருத்தியது அதே கைதான்.

எனக்கு வேண்டியது இதுதான். 7,450 ரூபாயை முழுசாகத் திருப்பித் தாருங்கள், செட்டின் மற்ற வயர்களையும் நான் இனி நம்பி ஓட்ட முடியாது, கழற்றி அனுப்பிவிடுகிறேன், அனுப்பும் செலவு உங்களுடையது. உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கிய பேட்டரிக்கு நான் காசு கேட்கவில்லை, அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பூட்டிய 600 ரூபாய் கூலியை நீங்கள்தான் தர வேண்டும். இதைவிட முக்கியமாக, இதே செட்டை என்னைப் போல் வாங்கிய எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மலையில் இருக்கிறவர்கள். போடியிலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒரு வண்டியில் எத்தனை பேர் உட்கார்ந்து போகிறார்கள் என்றும் தெரியும். அந்த வண்டி ஏதாவது ஒன்றில் இந்த வயர் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. மீதி இருக்கும் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து உங்கள் ஆட்களையே இழை எண்ணச் சொல்லுங்கள், அரை மணி நேரம் ஆகாது.

ஆன்லைனில் விற்கிறவர்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதுவரைக்கும் பொறுப்பேன். அதற்குள் தீரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். வயரை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டை இந்தக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், மீட்டர் அளவுகளின் போட்டோக்களும் பில் நகலும் உள்ளே இருக்கின்றன. இன்னொரு துண்டு என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தாண்டிக்குடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்