குறி சொல்லலாம், கணக்குக் கேட்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஜிம்மி கார்ட்டர் பற்றிய கட்டுரை படித்தேன். அமெரிக்க அதிபராக இருந்த காலம், 2002 நோபல் பரிசு, ஆப்பிரிக்கக் கிராமங்களில் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க அவருடைய அமைப்பு பட்ட பாடு எல்லாம் விரிவாக இருந்தன. நான் தேடிய விஷயம், அதாவது மதத்தில் பெண்களை ஒதுக்குவதை அவர் எதிர்த்தது மட்டும், ஒரே வரியில் முடிந்துவிட்டது.

மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று, அவர் சார்ந்திருந்த தெற்கு பாப்டிஸ்ட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபை 1998-இல் தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 2000-இல் ஆண்கள்தான் போதகராகலாம் என்றும் எழுதிக்கொண்டது. அந்த ஆண்டே கார்ட்டர் அதனுடன் உறவை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 76. சாமியை விட்டுவிடவில்லை, சொந்த ஊரான பிளெயின்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு வேதபாடம் நடத்துவதைத் தொண்ணூறு தாண்டியும் தொடர்ந்தார். உலகத் தலைவர்களாக இருந்தவர்களைக் கூட்டி மண்டேலா தொடங்கிய மூத்தோர் குழுவோடு சேர்ந்து 2009-இல் அவர் சொன்னது: பெண்களை ஒதுக்கிவிட்டு, ஏதோ கடவுளே இட்ட கட்டளை போல மதத்தையும் மரபையும் காரணம் காட்டுவதை ஏற்க முடியாது. எந்த மதத்தையும் தனியாகக் குறை சொல்லவில்லை. அதனால்தான் பென்னாகரம் பக்கம் கிராமத்தில் இருக்கிற எனக்கும் அது உறைத்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் கோயிலைக் கழுவி மெழுகிக் கோலம் போடுவது, கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவது, மாவிளக்குக்கு மாவு இடிப்பது எல்லாம் நாங்கள்தான். பம்பை முழங்கினால் சாமி வருவதும் பெரும்பாலும் பெண்ணுக்கே. ஊர்ப் பெரியவர்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்று, "என்ன குறை வச்சோம் தாயி, மழை எப்போ?" என்பார்கள். குனிந்து திருநீறு வாங்குவார்கள். மறுநாள் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கணக்குக் கூட்டம். அதே பெண் போய், பந்தலுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்கட்டும் பார்ப்போம். "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" ஆனால் ஆண் இல்லாத வீட்டிலும் தலைக்கட்டு வரி வாங்கத் தவறுவதில்லை. நூறு நாள் வேலைக் கூலியில் எடுத்துக் கொடுக்கும் அந்தக் காசுக்குத் தீட்டு கிடையாது போலும்!

எதிர்ப்பு ஆண்களிடம் மட்டும் இல்லை. பெண் பூசாரி என்று வாயெடுத்தாலே, "சாமி குத்தம் ஆயிடும்" என்று முதலில் அடக்குவது எங்கள் வீட்டுப் பெரியம்மாதான். உசிலம்பட்டிப் பக்கம் பின்னியக்காள் என்ற அம்மா, பூசாரியான தன் தந்தைக்குப் பிறகு துர்க்கையம்மன் கோயிலில் பூசை செய்ததை எதிர்த்து ஊரில் சிலர் கிளம்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பெண் பூசை செய்யச் சட்டத்தில் தடை இல்லை என்று 2008-இல் நீதியரசர் சந்துரு தீர்ப்பளித்தார். 2023-இல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். பெரியம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொன்னதில்லை.

பூசாரி முறை பற்றி இப்போதே சண்டைக்கு நிற்கவில்லை. வரி கொடுக்கும் பெண்களுக்கும் வரும் ஆடியில் கூட்டத்தில் பாய் விரியுங்கள், கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். பின்னியக்காள் வழக்கைப் பற்றித் தாங்கள் எளிய தமிழில் ஒரு கட்டுரை வெளியிட்டால், மந்தையில் வாசித்துக்காட்ட உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.